மாந்தோப்பு, மாட்டுக்கொட்டாய், புல்லுக்கட்டு: கிருஷ்ணகிரி பக்கம் அஞ்சு நாள்

ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு. செருப்ப மூணு தடவ கழுவியாச்சு, சாண வாசம் இன்னும் போகல. அங்க ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி போன்ல தட்டி வச்சதத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி நாள் வாரியா போடுறேன், எழுத்துப்பிழைய கண்டுக்காதீங்க.

ஏன் போனேன்னா, விராலிமலை பக்கம் அப்பா விட்டுட்டுப்போன ரெண்டே கால் ஏக்கர் இருக்கு. போர் இருக்கு, தண்ணி சுமாரா வரும், பத்து வருஷமா முள்ளுதான் வெளஞ்சு கிடக்கு. நான் ஒரு நோட்டுல வட்டமா படம் போட்டு வச்சிருந்தேன். மரத்துக்கு ஊடால புல்லு, புல்லு மாட்டுக்கு, சாணி மரத்துக்கு, பாலு சொசைட்டிக்கு, பழம் மார்க்கெட்டுக்குன்னு அம்புக்குறி எல்லாம் போட்டு பாக்கவே அழகா இருந்துச்சு. வீட்டம்மா அத எட்டிப் பாத்துட்டு "இதுல சாணி அள்ளுறது யாருன்னும் ஒரு அம்பு போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவருக்கு சொந்த ஊரு சந்தூர் பக்கம். அவரோட மாமா இதையேதான் ஏழெட்டு வருஷமா செஞ்சுட்டு இருக்காராம், போய் பாத்துட்டு வாங்கன்னு அனுப்பி வச்சாரு.

13 ஜூன் 2025, வெள்ளி: காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி

திருச்சியில காலையில ஏறினது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகும்னு சொல்லித்தான் டிக்கெட் குடுத்தாங்க, கடைசியில காவேரிப்பட்டினம் பைபாஸ்லயே "இங்க இறங்கிக்கோங்க சார், வேற வண்டி வரும்"னு இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. மணி ஒன்றரை, வெயில் மண்டையப் பொளக்குது, ஒதுங்க ஒரு மரம் கூட இல்ல. மாங்கா ஊருல வந்து நிழலுக்கு மரம் தேடுனது நானாத்தான் இருப்பேன்.

ரோட்டோரமா வரிசையா டெம்போவும் டிராக்டரும் மாங்கா லோடோட நிக்குது. எல்லாம் பெங்களூரா. நம்ம பக்கம் கிளிமூக்குன்னு சொல்ற அதே காய்தான், கூழ் ஃபேக்டரிக்குப் போறது. ஒரு டிரைவர் வண்டிக்கு அடியில துண்ட விரிச்சு படுத்திருந்தாரு. நேத்து ராத்திரி வந்தவராம், இன்னும் டோக்கன் வரலையாம். அடியில இருக்குற காய் பழுத்து சாறு சொட்டுது, ஈ மொய்க்குது, ரெண்டு மாடு வந்து அந்த சாற நக்கிக்கிட்டு நிக்குது, யாரும் வெரட்டல. கிலோ என்ன போகுதுன்னு கேட்டதுக்கு கை அஞ்சு வெரலையும் விரிச்சு காட்டிட்டு திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அம்பதுன்னு சொல்லல, அஞ்சு ரூபா. ஆந்திரா பக்கம் ஃபேக்டரி 8 ரூபா, சர்க்கார் 4 ரூபான்னு சேர்த்து 12 குடுக்குறாங்களாம், வெளி மாநிலத்து பெங்களூரா சித்தூருக்குள்ள வரக்கூடாதுன்னு இந்த மாசம் உத்தரவும் போட்டுட்டாங்களாம். இத டீக்கடையில நின்னுக்கிட்டிருந்த ஆறு பேரும் ஆறு விதமா எனக்கு சொன்னாங்க. டீ 12 ரூபா. ரெண்டு கிலோ மாங்காய விட ஒரு டீ கூட, இத நான் சொல்லல, டீக்கடைக்காரரே சொல்லிட்டு சிரிச்சாரு.

சாயங்காலம் கே.ஆர்.பி. அணைப் பக்கம் போனேன். மீன் வறுவல் ரெண்டு துண்டு, மசாலா கொஞ்சம் தூக்கல், ஆனா எண்ணெயில அப்பத்தான் போட்டு எடுத்தது. காத்து நல்லா இருந்துச்சு. ராத்திரி லாட்ஜ்ல கரண்டு ரெண்டு தடவ போச்சு.

14 ஜூன், சனி: சந்தூர் பக்கத்துல ஒரு தோப்பு

காலையில ஆறரைக்கே அந்த மாமா பைக்ல வந்து கூட்டிட்டுப் போனாரு, நான் அவர அண்ணன்னுதான் கூப்பிட்டேன். சந்தூர் வழியில ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நர்சரி, பாக்கெட்டுல ஒட்டு மாங்கன்னு வரிசையா நிக்குது. "இங்க பாதி பேரு மரத்த வச்சு சம்பாதிக்கிறத விட கன்னு வித்து சம்பாதிக்கிறதுதான் ஜாஸ்தி"ன்னாரு. கிண்டலா சொன்னாரா நிஜமான்னு கண்டுபிடிக்க முடியல.

மொத்தம் நாலு ஏக்கர். மூணு ஏக்கர் அவரோட அப்பா 40 வருஷத்துக்கு முன்னாடி வச்ச மாந்தோப்பு, 30 அடிக்கு ஒரு மரம். மிச்சம் வீடு, களம், மாட்டுக்கொட்டாய், கொஞ்சம் ராகி நிலம். நான் எதிர்பாத்துப் போனது என்னன்னா மாமரத்துக்கு அடியில பச்சைப்பசேல்னு புல்லு நிக்கும், நடுவுல மாடு மேயும், அந்த மாதிரி. போய் பாத்தா மரத்துக்கு அடியில சருகுதான். புல்லெல்லாம் தனியா கிழக்க ஒரு ஏக்கர்ல நிக்குது, அந்த புல்லுக்கு நடுநடுவுல மாமரத்து அடிக்கட்டைங்க.

"இங்க இருந்த 38 மரத்த வெட்டிட்டுத்தான் புல்லு போட்டேன்"ன்னாரு. சாதாரணமா சொன்னாரு. எனக்குத்தான் திக்குன்னு ஆயிடுச்சு.

முதல்ல அவரும் என்ன மாதிரித்தான் மரத்துக்கு ஊடால கோ 4 கரணை நட்டிருக்காரு. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோயமுத்தூர் பல்கலைக்கழகத்து ரகம். நல்ல வெயில்ல அது ரெண்டரை மாசத்துல முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளைக்கு ஒருக்கா அறுத்துக்கிட்டே இருக்கலாம். ஆனா 40 வருஷ மரம் கிளையோட கிளை கோத்துக்கிட்டு நிக்குற எடத்துல வெயிலே கீழ விழாது. புல்லு வெளிறிப்போய் கொக்கு கால் மாதிரி நீண்டு, ஒரு வருஷத்துல தூரோட போயிருச்சு. கினியா புல்லு நிழல ஓரளவு தாங்கும்னு அதையும் போட்டுப் பாத்திருக்காரு, அது வந்துச்சு. அங்க வேற சிக்கல். மார்கழி தை மாசி பூ எடுக்குற நேரத்துல தத்துப்பூச்சிக்கு மருந்து அடிச்சே ஆகணும், அடிச்சா அடியில இருக்குற புல்லு மேல எல்லாம் மருந்துதான். ரெண்டு மூணு மாசம் அந்தப் புல்ல தொடவே கூடாது. அந்த ரெண்டு மூணு மாசத்துக்கு மாடு பட்டினியா கிடக்குமா? ஒரு தடவ தெரியாம பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாடு மருந்து பட்ட புல்ல தின்னு வாயில நுரை தள்ளி விழுந்துருச்சாம், அதோட இவரு மரத்தடி புல்லே வேணாம்னு விட்டுட்டாரு.

என் நோட்டுல இருந்த படத்துல முதல் அம்புக்குறி இங்கயே ஒடைஞ்சுது.

சின்னக் கன்னா இருந்தா வேற கதைங்கறாரு. 30 அடி இடைவெளியில புதுசா கன்னு வச்சா முதல் அஞ்சாறு வருஷம் ஊடால எது வேணா போடலாம், கடலை, தட்டைப்பயறு, புல்லு எல்லாம். மரம் பெருசாகப் பெருசாக புல்லு வெளிய போயிரணும், அத மொதல்லயே யோசிச்சு எடம் ஒதுக்கி வச்சுக்கணும், "நாங்க ஒதுக்கல, அதான் வெட்ட வேண்டியதாப் போச்சு".

இப்ப அந்த ஒரு ஏக்கர்ல 60 சென்ட் கோ 4, மிச்சம் 40 சென்ட்ல கொய்யா. கொய்யா வரிசைக்கு நடுவுல வேலிமசால்ங்கற தீவனச் செடி. வரப்பு பூரா அகத்தி, சவுண்டல், கிளிரிசிடியான்னு மாட்டுக்கு தழை ஒடிக்கிற மரங்க. புத்தகத்துல கோ 4 ஏக்கருக்கு வருஷத்துக்கு 150 டன்னு போட்டிருக்காங்களேன்னு கேட்டேன். "எனக்கு அதுல பாதி வந்தாலே சாமி புண்ணியம், வெயில் காலத்துல போர் நூலாட்டம் ஊத்தும்"ன்னாரு.

மாடு மொத்தம் அஞ்சு, எல்லாம் கலப்பினம். கறக்குறது மூணு, சினையில வத்துக் கறவை ஒண்ணு, கிடாரி ஒண்ணு. ஒரு பெரிய மாட்டுக்கு நாளைக்கு 25, 30 கிலோ பச்சை வேணும். அத அறுத்து, கட்டி, தூக்கிட்டு வந்து, மெஷின்ல வெட்டி, கலந்து போடுறது யாருன்னு பாத்தா அண்ணனோட வீட்டுக்காரம்மா, எனக்கு அக்கா. காலையில நாலரைக்கு எந்திரிக்கிறாங்க. நான் உதவி பண்றேன்னு அருவாள வாங்கி அரை மணி நேரம் அறுத்தேன், நாலு கட்டு கூட சேரல, அந்த இலை ஓரம் பிளேடு மாதிரி கைய கீறிவிட்டுருச்சு, வேர்வை பட்டு எரிச்சல். அக்கா பாத்துட்டு "நீங்க போட்டோ எடுங்க சார்"ன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க.

அவங்ககிட்டதான் நெறைய விஷயம் கெடச்சுது. மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு தழை, அதாவது வேலிமசாலோ அகத்தியோ. வெறும் புல்லா போட்டா வயிறு ரொம்பும், ஆனா சொசைட்டியில பால் டெஸ்ட்டுல விலை இறங்கிடும். சவுண்டல் மாட்டுக்கு உசுரு, ஆனா அதுல ஒரு நஞ்சு இருக்கு, ரொம்ப போட்டா முடி கொட்டும், அதனால மொத்தத் தீவனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. கிளிரிசிடியாவ மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கும், ஒரு ராத்திரி வாட வச்சுப் போட்டா தின்னும். தீவனச் சோளம் பூ வர்றதுக்கு முன்னாடி, அதுலயும் தண்ணியில்லாம வாடி நிக்கிறத அறுத்துப் போட்டா மாடு சில நேரம் அரை மணியில செத்துரும். இதெல்லாம் அவங்க படிச்சு தெரிஞ்சுக்கிட்டதில்ல, முடி கொட்டின மாட்ட பாத்து தெரிஞ்சுக்கிட்டது.

மத்தியானம் ராகி களி, கீரைக் கடைசல், மாங்கா போட்ட பருப்பு. களிய மெல்லக் கூடாது, முழுங்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு உருண்டையில எனக்கு கண்ணு சொக்கிருச்சு. அவங்க ஒரு உருண்டை சாப்பிட்டு திரும்ப புல்லு அறுக்கப் போயிட்டாங்க.

14 ஜூன், ராத்திரி

இத தனியா எழுதணும். ஆறு மணி இருக்கும், மேக்க இடி இடிச்சுது, காத்து அடிச்சதுல தோப்புல காய் பொத்து பொத்துன்னு விழுந்துச்சு. கிடாரி கயித்த அறுத்துக்கிட்டு தோப்புக்குள்ள போயிருக்கு, யாரும் கவனிக்கல. பத்து நிமிஷத்துல பாத்தா கழுத்த நீட்டிக்கிட்டு நிக்குது, வாயில கோழை ஒழுகுது, இருமுது. மாங்காய முழுசா முழுங்கி தொண்டையில மாட்டிக்கிச்சு. கொஞ்ச நேரத்துல இடது பக்க வயிறு உப்ப ஆரம்பிச்சுருச்சு. ஏப்பம் வெளிய போக வழியில்லாததால காத்து உள்ளயே ரொம்புதாம். இந்த ஊருல மாங்கா சீசன்ல இது அடிக்கடி நடக்குறதுதானாம், ஆனா பாக்குறவனுக்கு கை கால் நடுங்கிருச்சு.

மாட்டு ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போட்டாங்க, வண்டி வந்துக்கினு இருக்குன்னு சொன்னாங்க. அதுக்குள்ள பக்கத்துக் காட்டுக்காரர் ஒருத்தர் மூங்கில் குச்சிய விட்டு உள்ள தள்ளிரலாம்னு கிளம்பிட்டாரு. அப்பதான் அந்தப் பெரியவர் வந்தாரு. அண்ணனோட அப்பா, 78 வயசு. மரத்த வெட்டுன நாள்லருந்து மகன்கிட்ட பேசுறதில்ல, அடுத்த தெருவுல மக வீட்டுலதான் சாப்பாடு. குச்சிய புடுங்கி எறிஞ்சாரு. "தொண்டை கிழிஞ்சா நீ வாங்கிக் குடுப்பியா"ன்னு ஒரே சத்தம். மாட்ட மேடு பாத்து நிறுத்தி, படுக்க விடாம, கழுத்த தடவிக்கிட்டே நின்னாரு. மருமகளப் பாத்து "உம் புருஷன அந்தக் கயித்த இழுத்துப் பிடிக்கச் சொல்லு"ன்னாரு. புருஷன் ரெண்டு அடி தள்ளித்தான் நின்னாரு. அக்கா அப்படியே திரும்பி "கயித்த இழுத்துப் பிடிங்களாம்"ன்னாங்க. சிரிப்பு வர்ற நேரமில்ல, ஆனா எனக்கு வந்துச்சு.

டாக்டர் வர முக்கால் மணி நேரம் ஆச்சு, மழையும் கூடவே வந்துருச்சு. வெளிய இருந்து கழுத்த நீவி நீவி காய மேல ஏத்தி, வாயில கட்டைய குடுத்து கைய விட்டு எடுத்துட்டாரு. எலுமிச்சம்பழத்த விட கொஞ்சம் பெரிய பிஞ்சு, அவ்வளவுதான். பெரிய காய கடிச்சு மென்னுடும், சின்னதுதான் வழுக்கிக்கிட்டு போய் அடைக்கும்னு சொன்னாரு. கிடாரி ஒரு பெரிய ஏப்பம் விட்டுச்சு. பெரியவர் துண்ட உதறி தோள்ல போட்டுக்கிட்டு மழையிலயே போயிட்டாரு. அண்ணன் அவர் போன பக்கமே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் என் பேட்டரி லைட்ட தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

15 ஜூன், ஞாயிறு: போச்சம்பள்ளி சந்தை

காலையில அஞ்சரைக்கு அக்காவோட சொசைட்டிக்கு போனேன். லைன்ல இருந்த 20 பேர்ல 16 பேர் பொம்பளைங்க. ஒரு அம்மா கேனுல ஒன்றரை லிட்டர்தான், இன்னொருத்தர் பைக்ல 30 லிட்டர், ரெண்டு பேருக்கும் ஒரே லைன், ஒரே மரியாதை. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அன்னிக்கு இவங்க பாலுக்கு 35 ரூபாயும் சில்லறையும். கணக்கு வாய்லயே சொன்னாங்க. ரெண்டு வேளையும் சேர்த்து 28 லிட்டர்னா ஆயிரம் ரூபா கிட்ட. அடர் தீவனம் 15 கிலோ, கிலோ 28ன்னு 420 போயிரும். மருந்து, கரண்டு, ராகித் தாள் எல்லாம் போக கையில நிக்கிறது 450. "எங்க ரெண்டு பேரு கூலிய எழுதினா ஒண்ணும் நிக்காது, அதனால எழுதறதில்ல."

ஆனா அந்த 450 தினமும் வருது, அதுதான் விஷயம். இந்த வருஷம் 80 மரத்துல எட்டு டன் காய், கிலோ 5ன்னா 40,000, அதுல பறிப்புக் கூலி வண்டி வாடகை போனா பாதி கூட தேறாது. போன வருஷம் விலை இருந்துச்சு, வெயில்ல பூ கருகி காய் இல்ல. மா எப்பவும் இப்படித்தான், ஒரு வருஷம் காய் ஒரு வருஷம் விலை. பெங்களூராவ அடியோட அழிச்சுடலாமேன்னு கேட்டா அதுக்கும் ஒத்துக்க மாட்டேங்கறாரு அண்ணன். "எருவுக்கு ஒரு எடம் வேணும்ல"ங்கறாரு. ஒரு மாடு நாளைக்கு பத்து பதினஞ்சு கிலோ சாணி போடும், மரத்துக்கு வருஷம் 50 கிலோ எரு மழைக்கு முன்னாடி வட்டப்பாத்தி எடுத்து வச்சிடுறாரு. மிச்சத்த புல்லுக்கும் கொய்யாவுக்கும். உரக்கடை பாக்கி நின்னுபோச்சுங்கறதுதான் அவரு சொல்ற லாபம்.

ஒன்பது மணிக்கு போச்சம்பள்ளி. ஞாயித்துக்கிழமை சந்தை, இந்தப் பக்கத்துக்கே பெரிசு. ஆடு, மாடு, நாட்டுக்கோழி, ராகி, கொள்ளு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, மணி, சாட்டை, அலுமினிய சட்டி எல்லாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே வாக்கியத்துல வருது. மாட்டு விலைய துண்டுக்குள்ள கைய விட்டு விரல்லயே பேசுறாங்க, நான் பக்கத்துல நின்னு வாயப் பாத்துக்கிட்டு இருந்தேன், ஒரு தரகர் "சார் வாங்கறதுன்னா கைய நீட்டுங்க, இல்லன்னா தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது"ன்னாரு. ரெண்டாம் ஈத்து கலப்பின மாடு கன்னுக்குட்டியோட 60,000ல ஆரம்பிச்சாங்க. எங்க முடிஞ்சுதுன்னு தெரியல, துண்டுக்குள்ள முடிஞ்சிருச்சு.

ராகித் தாள் விலைய விசாரிச்சேன், நெல்லு வைக்கோல விட கூடத்தான். மாடு அதத்தான் விரும்பித் தின்னுது, சத்தும் கூடவாம். இந்த ஊருல ராகிய சாப்பாட்டுக்கு போடுறாங்களா தாளுக்குப் போடுறாங்களான்னே சந்தேகம் வந்துருச்சு. அப்புறம் ஒரு கருக்கருவா 180 ரூபாய்க்கு வாங்கினேன். பேப்பர்ல சுத்தி பையில வச்சவன், சாவி எடுக்க கைய விட்டு விரல வெட்டிக்கிட்டேன். வெத்தலைக்கடை பாட்டி சுண்ணாம்ப வச்சு அழுத்தி விட்டுச்சு, காசு வாங்கல, "அருவா புடிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா அருவா"ன்னுச்சு. இந்த ஊருல எல்லாரும் என்கிட்ட ஒரே விஷயத்தத்தான் சொல்லிக்கினு இருக்காங்க.

சாயங்காலம் பக்கத்து வீட்டுல மாடு கன்னு போட்டு மூணு நாளாம், சீம்பால் கிண்டி வெல்லம் போட்டு ஒரு கிண்ணம் குடுத்தனுப்பினாங்க. முப்பது வருஷம் ஆச்சு நான் அத சாப்பிட்டு.

தோப்புல பெரியவர பாத்தேன். மிச்சம் இருக்குற மரத்துக்கு அடியில கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தாரு. முதல் ரெண்டு வருஷம் கிணத்துலருந்து குடத்துல தண்ணி சுமந்து ஊத்தி வளத்ததாம் ஒவ்வொரு மரமும். "38ல 11 மரம் செந்தூரா தம்பி. செந்தூராவையும் சேத்து வெட்டிட்டான்"ன்னாரு. பெங்களூரா போனதுல கூட அவருக்கு அவ்வளவு இல்ல போல. கணக்கு மகன் பக்கம் இருக்கு, அது எனக்குத் தெரியுது. ஆனா அங்க உக்காந்து அவரு கொடுத்த செந்தூராவ தின்னுக்கிட்டே அத வாயத் திறந்து சொல்ல முடியல. அவ்வளவு இனிப்பு.

16 ஜூன், திங்கள்: தேன்கனிக்கோட்டை

ஓசூர் வழியா. மத்திகிரியில பெரிய கால்நடைப் பண்ணைய பஸ்லருந்தே பாத்தேன், 1824ல வெள்ளைக்காரன் காலத்துல ஆரம்பிச்சது, அவ்வளவு மேய்ச்சல் நிலத்த ஒண்ணா பாக்கவே கண்ணுக்கு குளிர்ச்சி. பஸ்ல பக்கத்து சீட்டு ரிட்டையர் ஆன பேங்க் ஆபீசர், மடியில பலாப்பழம். என் கதைய கேட்டுட்டு, இது என்ன புதுசான்னு ஆரம்பிச்சாரு. 1982ல குஜராத் வான்ஸ்தா பக்கம் பைஃப் அமைப்பு பழங்குடி குடும்பங்களுக்கு ஒரு ஏக்கர்ல மாவும் முந்திரியும் வச்சு, சுத்தி வரப்புல தீவன மரமும் விறகு மரமும் வேலியா வச்சுக் குடுத்துச்சாம். வாடின்னு பேரு, அங்க தோப்புக்கு அதான் வார்த்தை. அந்த பைஃப்ப 1967ல புனே பக்கம் உருளிகாஞ்சன்ல ஆரம்பிச்சவரு மணிபாய் தேசாய், காந்தியோட ஆளு, அவங்க மொதல்ல செஞ்சதே கலப்பின மாடுதான். 2003-04லருந்து நபார்டு பேங்க் அதுக்குன்னே தனி நிதி வச்சு நாடு பூரா கொண்டு போச்சு. "நம்ம கிட்ட இருக்குற கோளாறு என்னன்னா, மரத்த நடுவுல வச்சு மத்தத எங்கயாவது சொருகலாம்னு பாக்குறோம். வேலி, வரப்பு, ஓரம் இதுலதான் மாட்டுக்கு சோறு இருக்கு"ன்னாரு. நல்லா பேசுனாரு, இறங்கும்போது பலாப்பழத்த மறந்துட்டு இறங்கிட்டாரு. கண்டக்டர் விசில் அடிச்சு வண்டிய நிறுத்தி ஓடிப்போய் குடுத்துட்டு வந்தாரு.

தேன்கனிக்கோட்டையில குளிர் காத்து, தூறல். கிருஷ்ணகிரியில வெந்து கிடந்தவனுக்கு இங்க ஸ்வெட்டர் இல்லையேன்னு ஆச்சு. குடைய டீக்கடையில விட்டுட்டேன், திரும்பிப் போனா இல்ல.

பாக்கப் போனது ஒன்றரை ஏக்கர் வச்சிருக்கற ஒரு அம்மாவ. மல்பெரி, பட்டுப்புழு, ரெண்டு மாடு. புழு தின்னது போக மிச்சத் தண்டும் இலையும் மாட்டுக்கு, மாட்டு எரு மல்பெரிக்கு. என் நோட்டுப் படத்துக்கு ரொம்ப கிட்ட வந்தது இதுதான். கோ 4 ஏன் போடலன்னு கேட்டேன். "யானைக்கு யாருங்க காவல் இருக்கறது?"ன்னாங்க. காடு ஒரு கிலோமீட்டர்லதான். ராகி கதிர் முத்தினா யானை வரும், பலா பழுத்தா வரும், உயரமான புல்லு நின்னா அதுக்கும் வரும். வீட்டுக்குப் பின்னாடி இருந்த பலா மரத்த போன வருஷம்தான் வெட்டியிருக்காங்க, பழ வாசத்துக்கு வந்த யானை கொட்டாய் சுவர சாய்ச்சுட்டுப் போனதுல. சந்தூர்ல மருந்து, இங்க யானை. நேத்து வரைக்கும் எல்லாம் புரிஞ்சுடுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

இருட்டுறதுக்குள்ள கிளம்பிடுங்கன்னு அவங்களே அனுப்பி வச்சுட்டாங்க. நாலு கொய்யாவும் ஒரு பிடி மல்பெரிப் பழமும் குடுத்தாங்க, சட்டை பாக்கெட்ல போட்டது நசுங்கி, வெள்ளை சட்டை ஊதா ஆயிருச்சு.

17 ஜூன், செவ்வாய்: திரும்ப

ராயக்கோட்டை வழியா சந்தூர் போய் சொல்லிட்டுக் கிளம்பினேன். அக்கா அரை கிலோ வேலிமசால் விதை குடுத்தாங்க. தோல் கெட்டி, அப்படியே போட்டா முளைக்காது. தண்ணிய கொதிக்க வச்சு இறக்கி, ஒரு நாலு நிமிஷம் ஆற விட்டு, அதுக்கப்புறம் விதைய போட்டு இன்னொரு நாலு நிமிஷம், உடனே வடிச்சு பச்சத் தண்ணியில ராத்திரி பூரா ஊற வைக்கணும்னு மூணு தடவ சொன்னாங்க. "மாட்ட இப்ப வாங்கிடாதீங்க சார், மொதல்ல புல்லு வளரட்டும், ஒரு வருஷம் புல்ல அறுத்து பக்கத்து வீட்டுக்கு வித்துப் பாருங்க, உங்களால முடியுதான்னு தெரியும்." அண்ணன் 200 கோ 4 கரணைய சாக்குல கட்டிக் குடுத்தாரு. பஸ்ல அதுக்கு லக்கேஜ் சார்ஜ் 60 ரூபா. நாமக்கல் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன், இடுப்பு போச்சு.

கிடாரி நல்லா இருக்கு. தோப்புப் பக்கம் கேட் போட ஆள் வந்திருந்தாங்க.

22 ஜூன், ஞாயிறு: வீடு

கரணைய நட்டாச்சு, மரம் வைக்கப் போற எடத்துலருந்து நல்லா தள்ளி, போர் பக்கத்துல. 200 கரணை ஒரு சென்ட் ஒன்றரை சென்ட்டுக்குத்தான் வந்துச்சு, அதுக்கே எனக்கும் பையனுக்கும் முதுகு பிடிச்சுக்கிச்சு. நோட்டுல படத்த அடிச்சுட்டு நீளமா ஒரு செவ்வகம் வரைஞ்சிருக்கேன். ஓரத்துல பூரா அகத்தி. சாணிக்கு நேரா வீட்டம்மா பென்சில்ல என் பேர எழுதி வச்சிருக்கா.

விதை விஷயம்தான் சொல்ல வெக்கமா இருக்கு. தண்ணி கொதிச்சுச்சு, இறக்கினேன், ஆற விடணும்கறத மறந்து விதைய கொட்டிட்டேன், அந்த நேரம் பாத்து ஆபீஸ்லருந்து போன், பேசி முடிச்சுட்டு வந்து பாத்தா கால் மணி நேரம் ஆயிருக்கு. அரை கிலோவும் சுண்டல் மாதிரி வெந்து கிடக்கு. அக்காவுக்கு போன் போட்டேன். ரொம்ப நேரம் சிரிச்சாங்க, பின்னாடி மாடு கத்துற சத்தம் கேட்டுச்சு. "ஆத்தி, மறுபடி அனுப்பறேன், இந்த தடவ உங்க வீட்டம்மாகிட்ட குடுங்க"ன்னாங்க. வெந்த விதைய பக்கத்து வீட்டு ஆடு மோந்து பாத்துட்டு, திங்காமப் போயிருச்சு.